சாலை வந்தது, சந்தை கரையேறியது

தாய்லாந்தின் மிதக்கும் சந்தைகள் நூறாண்டுக்கு மேல் ஊருக்காகக் கூடின. இன்று யாருக்காகக் கூடுகின்றன என்பதைப் பொறுத்தே அவற்றின் ஆயுள் இருக்கிறது.

பெயரிலேயே முரண். தாய்லாந்தின் ராச்சபுரி மாகாணத்தில் உள்ள டம்னோன் சதுவாக் என்ற ஊரின் பெயருக்கு 'சௌகரியமான பயணம்' என்று பொருள். 1866-68ல் வெட்டப்பட்ட 32 கி.மீ. நீளக் கால்வாயின் பெயர்தான் ஊருக்கும் ஒட்டிக்கொண்டது. நூறு வருடங்களுக்குச் சற்று அதிகமாக அந்தப் பெயருக்குப் பங்கமில்லாமல் கால்வாய் நடந்துகொண்டது. பிறகு 1973ல் பாங்காக்கிலிருந்து சாலை வந்தது. அது கால்வாயைவிடச் சௌகரியமான பயணம். தண்ணீரை நம்பி நடந்த வியாபாரத்தின் கணக்கு அதோடு முடிந்தது.

ஆனால் சந்தை மறைந்துவிடவில்லை. மறைந்திருந்தால் பாங்காக் சுற்றுலா விளம்பரங்களுக்கு அட்டைப்படம் கிடைத்திருக்காது. பழுப்பு நிறத் தண்ணீர், ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்கும் ஒல்லியான படகுகள், ஓலைத் தொப்பியும் கருநீலச் சட்டையும் அணிந்த பெண்கள், குவித்து வைத்த மாம்பழம், ரம்புத்தான். டெல்லியிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஐந்து நாள் பேக்கேஜில் போகிறவர்கள் தவறாமல் எடுத்துவரும் படம் இது. படத்தில் சரக்கு இருக்கிறது, விற்பவர் இருக்கிறார். வாங்குபவர்தான் மாறிவிட்டார். முன்பு அவர் பக்கத்துத் தோட்டக்காரர். இப்போது கேமராவுடன் பஸ்ஸில் வந்து இறங்குபவர். தாய்லாந்தின் ஒன்றரை நூற்றாண்டுச் சரித்திரம் இந்த ஒரு மாற்றத்துக்குள் அடங்கியிருக்கிறது.

ஆற்றுக்குத் தாய் மொழியில் 'மே நாம்' என்று பெயர். வார்த்தைக்கு வார்த்தை பார்த்தால் 'நீர்த்தாய்'. சாவ் பிரயா, தா சின், மே க்ளோங் ஆகிய ஆறுகள் கடலை நோக்கி இறங்கும் மத்திய சமவெளியில் மழைக்காலத்து நீர் வயலையும் பாதையையும் மூடிக்கொண்டு வாரக்கணக்கில் நிற்கும். எனவே வீடுகளைக் கால் நட்டு உயர்த்திக் கட்டினார்கள், அல்லது மூங்கில் மிதவை மேல் கட்டினார்கள். அரசர்கள் சாலை போடுவதற்குப் பதில் கால்வாய் வெட்டினார்கள். பாங்காக்கில் அரண்மனையை ஒட்டி அகலமாக ஓடும் சாவ் பிரயாவே 16ஆம் நூற்றாண்டில் அயுத்தயா அரசர் ஒருவர் வெட்டிய குறுக்கு வழிதான். நாளடைவில் ஆறு குறுக்கு வழியையே தன் வழியாக்கிக்கொண்டது. வளைந்து வளைந்து சென்ற பழைய ஆறு இரண்டு கால்வாய்களாகச் சுருங்கிவிட்டது.

1782ல் பாங்காக் தலைநகரானது. 40 வருடங்கள் கழித்து, 1822ல், கல்கத்தாவிலிருந்து கவர்னர் ஜெனரலின் தூதராக ஜான் கிராஃபர்ட் வந்தபோது ஆற்றின் இரு கரைகளிலும் மிதவை வீடுகள் வரிசைகட்டி நின்றன. பல வீடுகளின் முன்பக்கம் கடை. நடுவே சரக்கு ஏற்றிய படகுகளின் நடமாட்டம். ஆங்கிலம் பேசுகிறவர்களுக்கு 'மிதக்கும் சந்தை' என்பது அதிசயம். தாய் மக்களுக்கு அது வெறும் 'தலாத் நாம்', தண்ணீர்ச் சந்தை. தெரு தண்ணீராக இருந்ததால் கடைத்தெருவும் தண்ணீரில் இருந்தது, அவ்வளவுதான்.

அந்தக் கடைத்தெருவில் பெரும்பாலும் பெண்களே விற்றார்கள். அதற்குக் காரணம் உண்டு. அயுத்தயா காலத்தில் குடியானவ ஆண்கள் வருடத்தில் பாதி நாட்கள் அரசனுக்கு ஊதியமில்லா ஊழியம் செய்ய வேண்டும். மீதிக் குடும்பத்தை யார் பார்ப்பது? 1687ல் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் தூதராக வந்த சிமோன் டி லா லூபேர், உழுவதும் விற்பதும் வாங்குவதும் பெண்கள் கையில் இருந்ததைக் குறித்து வைத்திருக்கிறார். ஊழிய முறை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒழிந்தது. சந்தையில் துடுப்பு மட்டும் பெண்களின் கையிலேயே தங்கிவிட்டது.

டம்னோன் சதுவாக் கால்வாய் அரசர் மோங்குட்டின் உத்தரவில் பிறந்தது. ஹாலிவுட்டின் 'தி கிங் அண்ட் ஐ' படத்தில் (இது தாய்லாந்தில் தடை செய்யப்பட்டது) யூல் பிரின்னர் மொட்டைத் தலையுடன் நடித்தாரே, அதே அரசர். 1855ல் பிரிட்டனுடன் செய்துகொண்ட பௌரிங் ஒப்பந்தம் சயாமின் கதவுகளை வெளிநாட்டு வணிகத்துக்குத் திறந்துவிட்டது. அரிசிக்கும் சர்க்கரைக்கும் கிராக்கி. விளையும் இடங்களைத் துறைமுகத்தோடு இணைக்க வேண்டும். மூத்த அமைச்சர் ஸ்ரீ சுரியவோங் மேற்பார்வையில், மே க்ளோங் ஆற்றையும் தா சின் ஆற்றையும் இணைத்துக் கால்வாய் வெட்டப்பட்டது. மண் சுமந்தவர்களில் சீனக் கூலிகள் பெருமளவு. தூரம் தெரிவதற்காக வழியில் கற்கள் நட்டார்கள். இன்றும் அந்தப் பக்கத்து ஊர்களில் சில 'லக் சாம்' (மூன்றாம் கல்), 'லக் ஹா' (ஐந்தாம் கல்) என்றே அழைக்கப்படுகின்றன.

அரசு ஒரு கால்வாய்தான் வெட்டியது. அதிலிருந்து 200க்கு மேற்பட்ட கிளைக் கால்வாய்களை ஜனங்கள் தாங்களே வெட்டிக்கொண்டார்கள். காட்டுப் புதர் மண்டிய சதுப்பு நிலம் தோட்டமாயிற்று. இங்கே தோட்டம் போடும் முறையும் தனி. சேற்றை அள்ளி நீளமான மேடுகளாகக் குவிப்பார்கள். அள்ளிய இடம் வாய்க்காலாகும். மேட்டில் தென்னை, பம்ப்ளிமாஸ், கொய்யா, ஜம்பு, மிளகாய். வாய்க்காலில் தண்ணீரும் சிறு படகும். பறித்த காய் படகில் விழும். அந்தப் படகு கிளைக் கால்வாய்க்கும், அங்கிருந்து பெரிய கால்வாய்க்கும் போகும். தோட்டத்துக்கும் சந்தைக்கும் நடுவே கரையில் கால் வைக்கவேண்டிய அவசியமே இல்லை.

இந்த வட்டாரத்துக்கு உயிர் தருவது மே க்ளோங் ஆறு. மேலே காஞ்சனபுரியில் இரண்டு க்வாய் ஆறுகள் கூடி உண்டாவது அது. 1942-43ல் ஜப்பானியர்கள் மரண ரயில்பாதை போட்ட அதே க்வாய். மலேயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள் பல்லாயிரக்கணக்கில் மாண்ட கரைகள் அவை. கீழே, கடலோரத்தில், பரப்பளவில் நாட்டிலேயே மிகச் சிறிய மாகாணமான சமுத் சொங்க்ராம். 'சமுத்திர சங்கிராமம்' என்ற நம் காதுக்குப் பழகிய பெயர்தான் தாய் உச்சரிப்பில் இப்படி ஆகியிருக்கிறது.

மேலே அரிசியும் பழமும், நடுவே தென்னஞ்சர்க்கரையும் காய்கறியும், கீழே உப்பும் இறால் விழுதும், மே க்ளோங்கின் பேர்பெற்ற கானாங்கெளுத்தி மீனும். ஒருவரிடம் உள்ளது மற்றவரிடம் இல்லை. சந்தை பிறக்க இதைவிட வேறென்ன வேண்டும்? காசு புழங்காத இடத்தில் பண்டமாற்று நடந்தது. ஒரு சட்டி சர்க்கரைக்கு இத்தனைபடி அரிசி என்று படகுக்குப் படகு பேரம்.

சந்தை தினமும் கூடாது. அதற்கும் தண்ணீர்தான் காரணம். கடல் பக்கத்தில் இருப்பதால் கால்வாய்களில் ஏற்றவற்றம் உண்டு. நீர் வற்றிய நேரத்தில் படகு சேற்றில் உட்கார்ந்துவிடும். ஏற்றவற்றம் சந்திரனைப் பொறுத்தது. எனவே சந்தை நாளையும் சந்திரனை வைத்தே குறித்தார்கள். தாகா என்ற ஊரின் சந்தைக்கு வளர்பிறையிலும் தேய்பிறையிலும் 2, 7, 12ஆம் நாட்கள். நம் பஞ்சாங்கக் கணக்கில் துவிதியை, சப்தமி, துவாதசி. பக்கத்து ஊர்கள் வேறு திதிகளை எடுத்துக்கொண்டன. ஒரே படகுக்காரி ஒரே வாரத்தில் இரண்டு மூன்று சந்தைகளுக்குப் போய்வர முடிந்தது. கிழமை பார்க்கத் தேவையில்லை. வானத்தைப் பார்த்தால் போதும்.

சரக்குப் படகுகளுக்கு நடுவே மற்றவையும் வரும். காப்பிப் படகு, பிட்சைக்காகத் தானே துடுப்புப் போட்டுவரும் பிட்சுவின் படகு, நூடுல்ஸ் படகு. இன்று பாங்காக் ஓட்டல்களில் 'குவேதியோ ருவா' (படகு நூடுல்ஸ்) கைப்பிடியளவுக் கிண்ணத்தில் வருவதைப் பார்த்து 'இவ்வளவுதானா' என்று கேட்கிறவர்கள் உண்டு. அந்த அளவைத் தீர்மானித்தது படகு. ஒரே ஆள் துடுப்புப் போட வேண்டும், அடுப்பைக் கவனிக்க வேண்டும், கொதிக்கும் ரசத்தைக் கிண்ணத்தில் ஊற்றி ஆடும் படகிலிருந்து அடுத்த படகுக்கு நீட்ட வேண்டும். பெரிய கிண்ணம் என்றால் கை வெந்துவிடும். கால்வாய்களை விட்டு இந்த வியாபாரம் கரைக்கு வந்தபிறகும் கிண்ணம் பெரிதாகவில்லை. சில கடைகளில் அடுப்பையே ஒரு மரப்படகுக்குள் வைத்துக் கல்லாவுக்குப் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறார்கள்.

அந்த நாட்களை நினைத்து ஏங்குவது சுலபம். ஆனால் குளித்த தண்ணீரே குடித்த தண்ணீராகவும் இருந்த காலம் அது. 1820லும் 1849லும் வந்த காலரா பாங்காக்கில் ஆயிரக்கணக்கானவர்களைக் கொண்டுபோயிற்று. இருட்டில் எழுந்து மணிக்கணக்கில் துடுப்புப் போட்டுச் சந்தைக்கு வந்தவர்கள் அதை ரசித்துச் செய்யவில்லை. வேறு வழியில்லாமல் செய்தார்கள். வழி வந்ததும் விட்டுவிட்டார்கள்.

அந்த வழி முதலில் பாங்காக்குக்கு வந்தது. குதிரை வண்டியில் காற்று வாங்கப் போகச் சாலை இல்லை என்று ஐரோப்பியர்கள் மனுக் கொடுத்தார்கள். அதே மோங்குட் 1862-64ல் சரோன் க்ருங் சாலையைப் போட்டார். கால்வாய் வெட்டிய அரசரே சாலைக்கும் பிள்ளையார் சுழி போட்டார் என்பது சரித்திரத்தின் குறும்பு. அடுத்த நூறாண்டில் பாங்காக்கின் கால்வாய்கள் ஒவ்வொன்றாகத் தூர்க்கப்பட்டன. இன்று வங்கிகளும் கண்ணாடிக் கட்டிடங்களும் நிற்கும் சீலோம் சாலையின் ஓரம் ஒருகாலத்தில் கால்வாய்.

எஞ்சியவற்றில் வெளிநாட்டார் கண்ணில் முதலில் பட்டது தோன்புரிப் பக்கத்து வாட் சாய் சந்தை. 1960ல் தாய்லாந்து அரசு சுற்றுலா நிறுவனத்தைத் தொடங்கியது. மோட்டார் படகுகளில் பயணிகள் வந்து குவிந்தார்கள். மோட்டார் எழுப்பிய அலையில் துடுப்புப் படகுகள் தத்தளித்தன. இன்னொரு பக்கம் சாலை நெருங்கியது. விற்பவர்கள் ஒதுங்க ஒதுங்க, பார்க்க வந்தவர்களே மிஞ்சினார்கள். சில வருடங்களில் பார்க்கவும் ஒன்றுமில்லை.

வேறு சந்தை தேவைப்பட்டது. பாங்காக்குக்குத் தென்மேற்கே சுமார் 100 கி.மீ. தூரத்தில், இன்னும் நிஜமாகவே காய்கறி விற்றுக்கொண்டிருந்த டம்னோன் சதுவாக்கை 1971ல் சுற்றுலா நிறுவனம் கையில் எடுத்தது. இரண்டே வருடத்தில் சாலையும் வந்து சேர்ந்தது. இங்கேதான் கதையின் முடிச்சு. பயணிகளை அழைத்துவந்த அதே சாலை லாரிகளையும் அழைத்துவந்தது. லாரி தோட்டத்துக்கே வந்து பழத்தை எடை போட்டு எடுத்துக்கொண்டால், யார் நான்கு மணி நேரம் துடுப்புப் போடுவார்கள்? பழைய சந்தை கூடிய லாட் ப்ளி கால்வாய் வெறிச்சோடியது. வீடுகள்கூடத் திரும்பி நின்றன. கால்வாயைப் பார்த்திருந்த வாசல் கொல்லைப்புறமாயிற்று. சாலையைப் பார்த்துப் புதிய வாசல் வைத்தார்கள். கொல்லைப்புறத்துக்கு நேரும் கதி கால்வாய்க்கும் நேர்ந்தது. கழிவுநீர் அதில்தான் விழுந்தது.

பயணிகள் வருவது மட்டும் நிற்கவில்லை. அவர்களுக்காகச் சற்றுத் தள்ளி, பஸ் வந்து நிற்கத் தோதான தோன் கெம் கால்வாயில் சந்தை மறுபடி கூடியது. இன்று உலகம் அறிந்த டம்னோன் சதுவாக் அதுதான். திதி பார்ப்பதில்லை, தினமும் உண்டு. இரண்டு பக்கமும் கான்க்ரீட் கரை, கரை நெடுகக் கடைகள், கடைகளில் மர யானைகளும் பட்டுப் பைகளும். படகில் வரும் பயணியைக் கடைக்காரர் நீளக் கொக்கியால் இழுத்துத் தன் கடையோடு நிறுத்திக்கொள்கிறார். படகு வாடகை அநியாயம் என்ற புகார் ஓய்வதில்லை. விடியற்காலையில் மட்டும், பஸ்கள் வருவதற்கு முன்னால், உள்ளூர்க்காரர்களுக்குக் காய் விற்கும் சில படகுகளைப் பார்க்க முடியும்.

இதைப் போலி என்று தள்ளிவிடுவது நகரத்துக்காரரின் சொகுசு. மாம்பழமும் சோறும் விற்று அந்தப் பெண் சம்பாதிப்பது நிஜப் பணம். பயணிகள் இல்லாவிட்டால் மரப் படகு செய்யத் தெரிந்தவரும் அதை நெரிசலில் செலுத்தத் தெரிந்தவரும் எப்போதோ அரிதாகியிருப்பார்கள். சிக்கல் வேறு. ஊர்க்காரருக்கு அங்கே வாங்க எதுவும் இல்லை. வெளியார் வராத நாளில் சந்தையும் இல்லை.

பக்கத்து அம்பவாவின் அனுபவம் இதைச் சொல்லும். சமுத் சொங்க்ராம் மாகாணத்தில், இரண்டாம் ராமா பிறந்த ஊர் அது. கால்வாயின் இரு கரைகளிலும் மர வீட்டு வரிசைகள். சாலை வந்தபிறகு இங்கும் சந்தை செத்தது, இளைஞர்கள் பாங்காக் போனார்கள். மற்ற இடங்களில் இடித்துக் கட்டினார்கள். அம்பவாவில் இடிக்கும் அளவுக்குப் பணம் புழங்கவில்லை. அந்த ஏழ்மையே வீடுகளைக் காப்பாற்றியது. 2004ல் நகராட்சியும் ஊராரும் சேர்ந்து சந்தையை மீட்டார்கள். காலையில் வெளிநாட்டாருக்காக அல்ல, வெள்ளி முதல் ஞாயிறு வரை மாலை வேளையில், வாரக் கடைசியைக் கழிக்கவரும் பாங்காக் குடும்பங்களுக்காக. சுட்ட இறாலும் கணவாயும் படகிலிருந்து படித்துறைக்கு ஏறின. வீட்டுத் திண்ணைகள் கடைகளாயின. 2008ல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரிய விருதுகளில் அம்பவாவுக்குச் சிறப்புக் குறிப்பு கிடைத்தது.

வெற்றிக்கு விலையும் வந்தது. அம்பவாவின் கால்வாயோர லாம்பு மரங்களில் இரவில் மின்மினிகள் ஆயிரக்கணக்கில் ஒரே தாளத்தில் மின்னும். அதைக் காட்ட மோட்டார் படகுகள் நள்ளிரவை நெருங்கியும் ஓடின. தூக்கம் கெட்ட கரைவாசிகள் சிலர் தங்கள் வாசல் மரத்தை வெட்டிப்போட்டார்கள். மரம் இல்லையென்றால் மின்மினி இல்லை, மின்மினி இல்லையென்றால் படகு வராது என்பது அவர்கள் கணக்கு. 2012ல் பழைய மர வீடுகளை இடித்துப் பெரிய ஹோட்டல் கட்டும் திட்டம் வந்தபோது ஊரே இரண்டுபட்டது. ஏழ்மை காப்பாற்றியதைப் பணம் என்ன செய்யும் என்பது அப்போது தெரிந்தது.

இத்தனைக்கும் நடுவே தாகா தன் திதியைக் கைவிடவில்லை. பயணிகளுக்காகச் சனி, ஞாயிறையும் சேர்த்துக்கொண்டது. ஆனால் துவிதியை, சப்தமி, துவாதசிக் காலைகளில் தென்னஞ்சர்க்கரைக்காரர்களும் தோட்டக்காரர்களும் இன்னும் படகில் வருகிறார்கள். பாங்காக்கின் விளிம்பில் உள்ள க்லோங் லாட் மயோமில், கால்வாயைச் சுத்தம் செய்யும் முயற்சியுடன் சேர்ந்து சந்தை வளர்ந்தது. பெரிய வருமானம் இரண்டு இடத்திலும் இல்லை. வாடிக்கையாளர்கள் உண்டு.

எதிர்ப்பக்கத்தில் பட்டாயா. அங்கே 2008ல் குளம் வெட்டி, கடைகள் கட்டி, படகு விட்டு ஒரு மிதக்கும் சந்தையையே தயாரித்துவிட்டார்கள். ஆறும் இல்லை, தோட்டமும் இல்லை. டிக்கெட் உண்டு.

2020ல் எல்லாவற்றுக்கும் பரீட்சை வந்தது. 2019ல் தாய்லாந்துக்கு வந்த வெளிநாட்டார் கிட்டத்தட்ட 4 கோடி. கொரோனாவால் எல்லைகள் மூடப்பட்டு, 2021ல் வந்தவர்கள் சுமார் 4.3 லட்சம். நூறு பேர் வந்த இடத்தில் ஒருவர். டம்னோன் சதுவாக்கின் கடைகள் சாத்தப்பட்டன, படகுகள் கவிழ்த்து வைக்கப்பட்டன. கட்டுப்பாடுகள் தளர்ந்த இடைவெளிகளில் முதலில் ஆள் கண்டவை உள்நாட்டுக்காரர்களை நம்பிய சந்தைகளே. பஸ்கள் திரும்பியதும் டம்னோன் சதுவாக்கும் எழுந்துகொண்டது. ஆனால் தன் ஆயுள் எந்தக் கயிற்றில் தொங்குகிறது என்பதை அது பார்த்துவிட்டது.

நம் நாட்டிலும் ஸ்ரீநகரின் டல் ஏரியில் விடியற்காலையில் காய்கறிப் படகுகள் கூடுகின்றன. விளைவித்தவர் விற்கிறார், வியாபாரி மொத்தமாக வாங்குகிறார், வெயில் ஏறுவதற்குள் கலைந்துவிடுகிறார்கள். படம் எடுக்க வருகிறவர் எழுந்து வந்தால் பார்க்கலாம், அவருக்காக யாரும் காத்திருப்பதில்லை. மிதக்கும் சந்தையைக் காப்பாற்ற நினைக்கும் அதிகாரிகள் படகுக்கு வர்ணம் பூசுவதிலும் கரையை அழகுபடுத்துவதிலும் குறை வைப்பதில்லை. அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய தலை வேறு. ஒரு கட்டுக் கீரைக்காகவோ ஒரு சட்டிச் சர்க்கரைக்காகவோ இன்று காலை பக்கத்துக் கால்வாயிலிருந்து எத்தனை பேர் வந்தார்கள்? அந்த எண்ணிக்கை பூஜ்யமாகாத வரை, சாலை எத்தனை அகலமானாலும் சந்தைக்கு ஆபத்தில்லை.